குழந்தைத் துணிக்கான அளவு

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். விரிப்பில் எது சிந்தியிருந்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். இது டீ, இது இரும்புத் துரு, இது தலைச்சாயம், இது ரத்தம், அதுவும் எவனோ வெந்நீரில் முக்கிக் கெடுத்துவைத்த ரத்தம். சொல்லிவிட்டு அதற்கென்று உள்ள மருந்தைக் கலந்து, நீளமூக்கு வைத்த பிளாஸ்டிக் குப்பியால் ஊற்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி எடுப்பாள். லாட்ஜுகளிலிருந்து வரும் விரிப்புகளை மற்றப் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குச்சியால் தள்ளுவார்கள். இவள் கையுறையை மாட்டிக்கொண்டு சாதாரணமாகப் புரட்டுவாள். மனுசன் உடம்பிலிருந்து வந்ததுதானே, வானத்திலிருந்தா விழுந்தது என்பாள்.

இவ்வளவு தெரிந்தவளுக்குத் தன் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து அனுப்பியும்விட்டாள். அந்த இடத்துக்கு அவளிடம் இருந்த ஒரே சொல் ‘கீழே’. தொப்புளுக்கும் தொடைக்கும் நடுவில் இருந்த அத்தனையும் அவளுக்குக் கீழேதான்.

அந்த மழைக்காலத்தில் மாடிக் கொடியில் எதுவும் காயவில்லை. உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் ஈரத்துணி மலையாகக் குவிந்து கிடந்தது. கறையக்கா காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தாள். உட்கார்ந்தால் எரிந்தது. நின்றாலும் எரிந்தது, ஆனால் நிற்கும்போது கைக்கு வேலை இருந்தது. மூத்திரம் போனால் மிளகாய்த்தூள் பட்டதுபோல் இருக்கிறது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தாள்.

எரிச்சலைவிடப் பெரிய விஷயம் வீட்டில் இருந்தது. அவள் புருஷன் அந்தச் சலவைக்கூடத்து வேனைத்தான் ஓட்டினார். அழுக்குத்துணியை லாட்ஜிலும் ஆஸ்பத்திரியிலும் போய் எடுத்துவந்து, வெளுத்த துணியைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அவரைப் பார்த்துத்தான், “எந்த லாட்ஜ்ல எவகிட்டப் போய் இந்தச் சீக்கை வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டாள். வேன்காரர் முதலில் சிரித்தார். பிறகு, “உனக்கென்ன பைத்தியமா?” என்றார். பிறகு இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். சேர்ந்து இருப்பதா பிரிவதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ தெரிந்தவர்கள் வீட்டுத் தகராறுபோல இருந்தது. சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. தனக்கு என்ன ஆயிற்று என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அந்தக் கேள்வியும் பெரிதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உருளை இஸ்திரியில் நிற்கிறவள் வந்து பக்கத்தில் குந்தினாள். கறையக்காவிடம் எதையும் நேராகக் கேட்கிற ஒரே ஆள் இந்த உருளைக்காரிதான்.

“நீ கண்ணால பாத்தியாக்கா?”

“எதை?”

“உம்புருஷன் வேற ஒருத்திகிட்டப் போனதை.”

“கண்ணால வேற பாக்கணுமா? தினம் லாட்ஜ் லாட்ஜா ஏறி எறங்குறாரு. அங்கேருந்து வர்ற துணியப் பிரிக்கிறவ நான். அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு நீ சொல்லணுமா?”

“ஆஸ்பத்திரித் துணியும்தான் எடுக்கிறாரு. அதுக்காகத் தினம் ஆபரேசன் பண்ணிக்கிட்டா வர்றாரு?”

கறையக்கா சிரிக்கவில்லை. டப்பாவில் இருந்த முட்டையைப் பாதியாகப் பிட்டு அவளிடம் நீட்டினாள்.

“வீட்ல இருக்கிறது ரெண்டு பேரு. நான் எங்கயும் போகல. அப்ப இது எப்படி வந்துச்சு? நாத்தம், வெள்ளை, எரிச்சல். எத்தனை கழுவினாலும் ஒரு நாள்ல திரும்பி வந்துருது. நான் கொண்டு வரலைன்னா அவருதானே?”

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“எதைக் காட்டுறது?”

“பின்ன, மூஞ்சியவா காட்டச் சொல்றேன்? போய்க் காட்டு. ஞாயித்துக்கிழமை உங்கண்ணனே கேப்பாரு, எதை வச்சு மாப்பிள்ளைய இப்படிச் சொல்றேன்னு. வெறுங்கையோட நின்னேன்னா உன்னையத்தான் கிறுக்கின்னு சொல்லுவாங்க. டாக்டரு சொல்லிட்டாருன்னா அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது.”

அது சரியாகப் பட்டது. மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் குடையோடு கிளம்பினாள். உடம்பைச் சரிபண்ண அவள் போகவில்லை. சாட்சி தேடித்தான் போனாள்.

சுகாதார நிலையத்தின் நடைவழியில் ஈரச் செருப்புகள் சிதறிக் கிடந்தன. பெண்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

“உள்ளயும் வெளியிலயும் தோல் வெந்து போயிருக்கேம்மா. என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலையே. கழுவினேன், அவ்வளவுதான்.”

“எதால?”

இதைச் சொல்ல மட்டும் கறையக்காவுக்குக் கூச்சமே இல்லை. தொழிலைப் பற்றிய கேள்வியாயிற்றே. “முதல்ல சோப்புத் தண்ணி. அப்புறம் கொஞ்சம் ப்ளீச். பெரியவங்க துணிக்குக் கலக்குற மாதிரி இல்ல, குழந்தைத் துணிக்கு எவ்வளவு கலப்போமோ அந்த அளவுதான். பச்சைப் புள்ளத் துணிக்கே ஒண்ணும் ஆகாத அளவு. நல்லா அலசிட்டு, கடைசித் தண்ணிக்குக் கொஞ்சம் புளிப்பு மருந்து. சோப்புக் காரம் நிக்காம இருக்க அதை ஊத்துவோம்.”

“உள்ளயா?”

“உள்ளதான். நாத்தம் உள்ளேருந்துதானே வருது. நீளமூக்குக் குப்பி இருக்கு எங்ககிட்ட. கறை எடுக்கிறது.”

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. “எவ்வளவு நாளா?” என்று மட்டும் கேட்டார்.

“மக கல்யாணம் முடிஞ்சதிலேருந்து. ஆரம்பத்துல எப்பவாவது. இப்ப தினம். போகலைன்னா திருப்பிப் போடுறதுதானே முறை?”

பஞ்சு சுற்றிய குச்சியால் ஈரத்தை எடுத்தார்கள், கையில் ரத்தமும் எடுத்தார்கள். இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டே கறையக்கா தான் வந்த காரியத்தைக் கேட்டாள். “இது எம்புருஷன்கிட்டேருந்து வந்ததுன்னு சொல்லுவீங்களா?”

“பரிசோதனை முடிவு வரட்டும்மா. அதுவரைக்கும் குப்பியைத் தொடாதீங்க. தண்ணி நிறையக் குடிங்க.”

சனிக்கிழமை திரும்பப் போனாள். மழை விட்டிருந்தது. டாக்டரம்மா முடிவுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உடலுறவால வர்ற நோய் எதுவும் உங்களுக்கு இல்ல. உள்ள நல்ல கிருமின்னு ஒண்ணு எப்பவும் இருக்கும். அதுதான் அந்த இடத்துக்குக் காவல். நீங்க ஊத்தின மருந்துல அது செத்துப் போச்சு. அது போனதும் மத்தக் கிருமி பெருகிடுச்சு. அதோட நாத்தம்தான் இது. நாறுதுன்னு நீங்க கழுவக் கழுவ இன்னும் பெருகியிருக்கு. எரிச்சல் மருந்து பட்டு வெந்ததுனால.”

“அப்ப அவரு கொண்டு வரலையா?”

“அவரு எங்க போனாரு வந்தாருன்னு எனக்குத் தெரியாதும்மா. இது அப்படி வந்தது இல்ல. அது மட்டும் நிச்சயம்.”

சாட்சி தேடி வந்தவள் கையில் சாட்சி கிடைத்துவிட்டது, எதிர்க்கட்சிக்கு. கறையக்கா தலையை ஆட்டினாள். வெட்கமோ நிம்மதியோ ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தாள். ப்ளீச் கூடினால் நூல் இற்றுப்போகும், தூக்கிப் பார்த்தால் துணியில் வெளிச்சம் தெரியும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அதையும் நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

மாத்திரை கொடுக்கிற நர்சம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்த் திரையை இழுத்துவிட்டார். கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

“என்னிக்காவது பாத்திருக்கியா?”

“எதுக்குப் பாக்கணும்?”

“உன்னோடது, நீ பாக்காம வேற யாரு பாக்குறது? பிடி.”

கறையக்கா பார்த்தாள். லாட்ஜ் விரிப்பைப் பிரித்துப் பார்க்கிற அதே முகத்தோடு பார்த்தாள். நர்சம்மா கையுறை போட்ட விரலால் தொடாமல் சுட்டிச் சுட்டிச் சொன்னார்.

“இந்த வெளிமடிப்பு, உள்மடிப்பு, ரெண்டும் இதழு. ஆளாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்தாலும் கோளாறு இல்ல. மேல இந்தச் சின்ன மொட்டு இருக்கே, அது சுகத்துக்கு மட்டும்தான். வேற வேலையே கிடையாது அதுக்கு. அதுக்குக் கீழ மூத்திரம் வர்ற துவாரம்.”

“அது தனியா?”

“தனிதான். நீ ரெண்டும் ஒண்ணுன்னா நினைச்சே? புள்ள வேற பெத்திருக்க.” தும்மிவிட்டுத் தொடர்ந்தார். “அதுக்குக் கீழ இருக்கிற வழிதான் யோனி. உள்ள போயி கர்ப்பப்பை வாயில முடியும். அந்தப் பக்கம் தொறந்து கெடக்குற ஓட்டை இல்ல, எதுவும் உள்ள தொலைஞ்சு போகாது. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். உள்ள இருக்கிற அழுக்கைத் தானே வெளிய கொண்டு வந்துரும். அதுக்குச் சோப்பு வேணாம், வெந்நீர் வேணாம், எலுமிச்சை, வாசனைத் தண்ணி ஒரு எழவும் வேணாம். வெளியில மட்டும் பச்சத் தண்ணியால கழுவு. முன்னாலேருந்து பின்னால துடை. பருத்தித் துணி போடு. முடிஞ்சது.”

“வெள்ளை படுமே?”

“படத்தான் செய்யும். வாயில எச்சில் ஊறுறதை யாராவது வியாதின்னு சொல்றாங்களா? மாசத்துல சில நாள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நீளும். சில நாள் கெட்டியா இருக்கும். வாசனையும் லேசா மாறும். திரிதிரியா வந்து அரிச்சுதுன்னா, பச்சையா வந்தா, மீன் மாதிரி நாறினா, உறவுக்கப்புறம் ரத்தம் பட்டுச்சுன்னா, இங்க வா. வாசனையே இருக்கக் கூடாதுன்னு நினைக்காத. அது உடம்பு. சோப்புக்கட்டி இல்ல.”

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஆமா, எதுக்காகக் கழுவ ஆரம்பிச்சே?” என்று கேட்டார் நர்சம்மா.

அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆள் நர்சம்மா இல்லை என்று தோன்றியதால் கறையக்கா மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் நாற்காலி போதவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கிப் போட்டார்கள். அவளுடைய அண்ணன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. சுவரோரம் அவர் உட்கார்ந்தார். எதிரில் வேன்காரரின் அண்ணன், தையல்காரர். அவர் மனைவி, அதாவது கறையக்காவின் ஓரகத்தி, கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வேன்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கொண்டுபோகவும் இல்லை, வெளியே வைக்கவும் இல்லை. இளைத்திருந்தார். கன்னத்தில் நரைத்த முடி வளர்ந்திருந்தது.

டீ குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியும் துணி காயாததைப் பற்றியும் பேசினார்கள். பிறகு தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

“எந்தம்பி தப்புப் பண்ணியிருந்தா நானே செருப்பால அடிப்பேன். பண்ணலைன்னா இந்தப் பழியைச் சுமந்துக்கிட்டு அவன் இந்த வீட்டுப் படி ஏற மாட்டான். ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

மேஸ்திரி தங்கையைப் பார்த்தார். “சொல்லும்மா. டாக்டர்ட்டப் போனியாமே.”

பொய் சொல்லியிருக்கலாம். பரிசோதனை முடிவைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இல்லை. ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாலும் மேஸ்திரி தங்கை பக்கம்தான் பேசியிருப்பார். வேன்காரர் காலமெல்லாம் கெட்ட பெயரோடு தனியாகக் கிடந்திருப்பார். கறையக்கா டம்ளர்களைத் தட்டில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“அவரு மேல தப்பு இல்ல. சீக்கு எதுவும் எனக்கு இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான்தான் கழுவிக் கழுவிப் புண்ணாக்கிக்கிட்டேன்.”

“எதைக் கழுவி?” என்றார் தையல்காரர், புரியாமல்.

“யோனியை.”

மேஸ்திரி மட்டம் பார்க்கிறவர்போலத் தரையைப் பார்த்தார். தையல்காரர் தீர்ந்துபோன டீயை ஒருமுறை உறிஞ்சினார். கறையக்கா நிறுத்தவில்லை. எந்தத் தொட்டியில் என்ன கலக்கிறோம் என்று புதிய ஆளுக்குச் சொல்வதுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் சொல்லிக்கொண்டே போனாள். ப்ளீச்சைக் குழந்தைத் துணி அளவுக்குக் கலந்ததை, குப்பியை, நல்ல கிருமி செத்ததை, தோல் வெந்ததை, எல்லாவற்றையும் சொன்னாள்.

“போதும்மா, போதும்,” என்றார் மேஸ்திரி. “புரிஞ்சுது.”

“உங்களுக்கு என்ன புரிஞ்சுதுண்ணே? நேத்து வரைக்கும் எனக்கே புரியலையே.”

“சரி, எதுக்கு அதைப் போய் ஊத்தினே? அறிவிருக்கிறவ செய்ற வேலையா இது?”

கறையக்கா வேன்காரரைப் பார்த்தாள். அவர் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சுத்தமா இருக்கலாம்னுதான்,” என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. வேன்காரர், “நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டா?” என்றார். பொம்பளைகளுக்கு ஆயிரம் இருக்கும், அதைப் பெரிசுபடுத்தக் கூடாது என்றார் தையல்காரர். மேஸ்திரி தங்கையைக் கொஞ்ச நேரம் திட்டினார். ஒரு நல்ல மனுஷனைத் தெருவுக்கு இழுத்துவிட்டாயே, மன்னிப்புக் கேள் என்றார். “மன்னிச்சிருங்க,” என்று சொன்னாள். சொல்வதில் சிரமமே இருக்கவில்லை. “விடு விடு,” என்று வேன்காரர் பெரிய மனது பண்ணினார்.

டம்ளர் கழுவப் போனபோது ஓரகத்தி பின்னாலேயே வந்து அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

“நீ சொன்னியே, அந்த எரிச்சல். எப்படி இருக்கும்?”

“ஏங்க்கா?”

“நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுதான் கழுவுவேன். வருசக்கணக்கா. அவருகிட்டச் சொல்ல முடியுமா சொல்லு. ஊசி நூல்னா பேசுவாரு.”

“நிறுத்துங்க. வெறும் தண்ணி போதும், வெளியில மட்டும். புதன்கிழமை அந்த டாக்டரம்மா இருப்பாங்க. நானும் கூட வர்றேன்.”

“போயி என்னன்னு சொல்றது?”

“எரியுதுன்னு சொல்லுங்க. மத்ததை அவங்க கேப்பாங்க.”

எல்லோரும் போனபின் வீடு அமைதியானது. வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. வேன்காரர் பையோடு அடுப்படிக்கு வந்து நின்றார். சமாதானமாகப் பேச வேண்டும் என்று வந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

“எப்ப சரியாகும்னாங்க?”

“மாத்திரை முடிஞ்சா நாத்தம் போயிரும்னாங்க. தோல் ஆறக் கொஞ்ச நாளாகும்.”

“அப்புறம் எல்லாம் பழையபடிதானே?”

கறையக்கா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “நான் ஏன் கழுவ ஆரம்பிச்சேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“அதான் சொன்னியே, சுத்தமா இருக்கலாம்னு.”

“அது அவங்களுக்குச் சொன்னது. மக கல்யாணம் முடிஞ்ச வாரம். சாயங்காலம். நீங்க என் பக்கத்துலேருந்து எந்திரிச்சுப் போயி ஜன்னலைத் திறந்து விட்டீங்க. ஏன்னு கேட்டேன். நாறுது, நல்லாக் கழுவக் கூடாதான்னீங்க.”

வேன்காரர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“நானா? அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே.”

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் போகிறபோக்கில் சொல்லி, சொன்ன நிமிஷமே மறந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே வெந்திருக்கிறாள். முதலில் காது சூடானது. பிறகு கழுத்து. இது என்ன என்று ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. கோபம் வந்து அவ்வளவு காலமாகியிருந்தது.

“எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றாள்.

“சரி, அதுக்கு இப்ப நான் மன்னிப்புக் கேக்கணுமா? ஏதோ வாய் தவறி வந்திருக்கும்.”

“ஞாபகமே இல்லாததுக்கு எப்படிக் கேப்பீங்க? வேணாம். பழையபடியான்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்றேன். பழையபடி கிடையாது. எனக்கு எப்ப வேணும்னு தோணுதோ அப்ப நான் சொல்றேன். தோணலைன்னா சொல்ல மாட்டேன். நீங்களா கேக்கவும் கூடாது.”

“அதுவரைக்கும்?”

“முன் ரூம்ல படுங்க. வீட்டை விட்டுப் போகச் சொல்லல.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு மெல்ல முன்னறைக்குப் போனார். அங்கே அலமாரி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடி திறக்கிற சத்தம்.

“தலகாணி எங்க இருக்கு?” என்று அங்கிருந்து கேட்டார்.

“தேடிப் பாருங்க.”

குரல் உடைந்து வந்தது. அதைக் கேட்டபிறகுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.